அப்பாவின் வேதாகமத்தில் இருந்த குறிப்புகள்

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஸ்டடி பைபிள் தேவைப்பட்டது. அம்மாவுக்கு வாசிக்க, எனக்கு ஜெயிக்க.

ஞாயிறு பள்ளியில் வசனம் எடுக்கும் போட்டி என்று ஒன்று உண்டு. டீச்சர் பைபிளில் ஒரு புத்தகத்தையும் அதிகாரத்தையும் வசனத்தையும் சொல்வார். முதலில் பக்கத்தைக் கண்டுபிடித்து எழுந்து நிற்பவனுக்குக் கைதட்டல். எனக்கு பைபிளின் அறுபத்தாறு புத்தகங்களின் பெயரும் தலைகீழாகத் தெரியும். ஆனால் ஜெயித்ததெல்லாம் மருந்துக்கடைக்காரர் மகன்தான். அவனுடைய பைபிளின் ஓரத்தில் விரல் நுழையும்படி பிறை பிறையாக வெட்டி, ஒவ்வொரு புத்தகத்தின் பெயரும் அச்சடித்திருந்தது. நான் ஆபகூக்கைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவன் வாசித்து முடித்து உட்கார்ந்திருப்பான். ஆண்டவர் அவன் பக்கம் இருக்கிறார் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அம்மாவின் காரணம் துபாயில் இருந்தது. அப்பா அங்கே போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. சாயங்காலம் கடலூருக்குப் போன் வரும். எங்கள் போனில் ரிசீவர் செத்துவிட்டதால் ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். ஆகவே என் பெற்றோரின் தாம்பத்தியத்தில் ஒரு பங்கு எனக்கும், ஜன்னல் திறந்திருந்தால் பக்கத்து வீட்டுக்கும் கிடைத்தது.

நேரில் இருந்தவரை அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. "சாப்டியா" என்று அம்மாவைக் கேட்டு நான் பார்த்ததில்லை. போனிலும் முதலில் வாடகை, சிலிண்டர், என் மார்க்கு என்றுதான் போய்க்கொண்டிருந்தது. பிறகு இருவரும் தினம் ஒரே அதிகாரத்தை வாசிப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதற்கப்புறம்தான் அந்தக் குறிப்புகள் வர ஆரம்பித்தன. அங்கே சபையில் யாரோ அவருக்கு ஒரு ஸ்டடி பைபிள் கொடுத்தார்களாம். வசனத்துக்குக் கீழே விளக்கம் இருக்குமாம்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, ரூத் என்ற புத்தகத்துக்கான குறிப்பைப் புத்தகத் தமிழில் வாசித்தார். "ரூத் வயலில் பாடுபட்டாலும் வேளைக்குச் சாப்பிட்டாள். ஆகவே வீட்டிலிருக்கும் பெண்கள் ராத்திரியில் டீயும் பன்னும் சாப்பிட்டுப் படுக்கலாகாது." அவருடைய போன் கார்டில் காசு தீர்ந்து போன் துண்டித்துக்கொண்டது.

அப்பா போன நாளிலிருந்து அம்மாவின் ராத்திரிச் சாப்பாடு டீயும் பன்னும்தான். அன்றைக்குச் சோறு வைத்தார். எனக்கு வேதத்தின் வல்லமை விளங்கியது.

அம்மா சேத்தியாத்தோப்புப் பக்கம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு பைபிளைத் தொட்டவர். கல்யாணத்தில் கொடுத்த பைபிளில் குறிப்பு ஒன்றும் கிடையாது. பாதியில் அறுந்துபோன விளக்கங்களின் மீதி அவருக்கு வேண்டியிருந்தது. எந்தப் பதிப்பு என்று கேட்டால், அட்டை கிழிந்துவிட்டது, பேர் தெரியவில்லை என்று அப்பா மழுப்பினார். பரவாயில்லை, ரூத்தைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்றார் அம்மா.

கடலூரில் வாங்கினால் சபை முழுக்க விசாரிக்கும். சிதம்பரத்துக்குப் போனோம். அங்கே மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பம்புசெட் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். திருநீறு பூசிய நெற்றியோடு எங்களுக்கு முன்னால் அந்தக் கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குள் நுழைந்து, மோட்டார் வாங்குகிற தோரணையில் ஒரு பைபிளைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல வெயிட்டு. லேட்டஸ்ட் எது? போன வருஷத்துக்கப்புறம் எதனா சேத்திருக்காங்களா?"

கடைக்காரர், வேதத்தோடு எதையாவது சேர்ப்பவர்களுக்குச் சாபம் உண்டு என்று பணிவாகச் சொன்னார்.

"அப்ப பழைய ஸ்டாக்தான். வெலய கொறைச்சுக்குங்க."

அம்மா தரையைப் பார்த்தார். நான் மாமாவை எனக்குத் தெரியாததுபோல ஒரு காலண்டரை ஆராய்ந்தேன்.

கடைக்காரர் ஸ்டடி பைபிள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். ஒன்றில் வண்ணத்தில் வரைபடங்கள். ஒன்றில் இயேசு பேசியதெல்லாம் சிவப்பு எழுத்து. ஒன்றின் ஓரத்தில் பிறை வெட்டு. நான் காலண்டரை விட்டுவிட்டு மேசைக்கு வந்தேன். அம்மா அட்டையைப் பார்க்கவில்லை, எழுத்தின் அளவைப் பார்க்கவில்லை. ரூத்தைப் பிரிப்பார், பக்கத்தின் அடியில் விரல் வைத்து வாசிப்பார், மூடுவார். அடுத்தது. மறுபடி ரூத்.

"எந்தக் குறிப்பு தேடுறீங்க சிஸ்டர்? சொன்னா எடுத்துக் குடுப்பேன்."

டீயையும் பன்னையும் பற்றிக் கடையில் எப்படிக் கேட்பது? வேறு இருக்கிறதா என்று மட்டும் அம்மா கேட்டார். தமிழில் குறிப்போடு வருவது இவ்வளவுதான், துபாய் ஆனாலும் சிங்கப்பூர் ஆனாலும் இதில் ஒன்றுதான் போகிறது என்றார் அவர்.

அம்மா கடைசிப் புத்தகத்தை மறுபடி பிரித்தார். இந்தத் தடவை வாசிக்கவில்லை. பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். கடைக்காரர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பிறகு அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"என்னக்கா, கெடச்சிச்சா?"

"கெடச்சிடுச்சிடா. இவனுக்குப் புடிச்சது எதுவோ அதையே வாங்கிடலாம்."

பிறை வெட்டு என் மடியில் கடலூர் வந்து சேர்ந்தது. பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்வரை என் ஜெபம் கேட்கப்பட்ட விதத்தை நினைத்து நான் ஆண்டவரிடம் கொஞ்சம் பெருந்தன்மையாகவே நடந்துகொண்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. அம்மா புது பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேடிக் கொடுக்க நான் பக்கத்தில். வாங்கியாச்சா என்று அப்பா கேட்டதில் ஒரு பயம் இருந்தது. இப்போது நினைத்தால் அது பயம்தான். அன்றைக்கு லைன் சரியில்லை என்று எண்ணினேன்.

"வாங்கிட்டங்க. நீங்க சொன்ன அதே புஸ்தகம். ரூத்துல அந்த டீ, பன்னு, எல்லாம் அப்படியே போட்டிருக்கு."

நான் பக்கத்தைப் பார்த்தேன். வாற்கோதுமையின் விளைச்சலைப் பற்றி இரண்டு வரி, மோவாப் தேசத்தைப் பற்றி நான்கு வரி. இல்லையே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாவின் கை வந்து என் வாயை மூடியது.

அந்தப் பக்கம் கார்டு தீர்ந்துகொண்டிருந்தது.

"இன்னொண்ணும் போட்டிருக்குங்க," என்றார் அம்மா. விரலை வெற்று ஓரத்தில் வைத்து, எழுத்துக்கூட்டுகிறவர்போல மெதுவாக வாசித்தார். "ரூத்தின் மாமியார் நகோமி தூர தேசத்திலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தாள். ஆகவே பிழைக்கப் போனவர்கள் கிறிஸ்துமஸுக்காவது வந்து போக வேண்டும். வராவிட்டால் வீட்டிலிருப்பவர்களால் தாங்க முடியாது."

"அது... எங்க போட்டிருக்கு?"

"அதே பக்கத்துலதான். நல்லா பாருங்க, உங்களோடதுலயும் இருக்கும்."

பிறகு அப்பாவின் குரல் வந்தது. தொண்டையைச் செருமிக்கொள்ளாத குரல்.

"ஆமா. இருக்கு."

போன் துண்டித்துக்கொண்டது. அம்மா ஸ்பீக்கரை அணைக்காமல் அந்தக் கொய்ங் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் பைபிளை இழுத்து ரூத்தின் நான்கு அதிகாரங்களையும் அடியிலிருந்து மேலாகத் தேடினேன். இல்லை. இருக்கவும் முடியாது. இயேசு பிறப்பதற்கு ஆயிரம் வருடத்துக்கு முந்திய பழைய ஏற்பாட்டில் கிறிஸ்துமஸ் எப்படி வரும்? இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாத இரண்டு பேருக்குப் பிள்ளையாகப் பிறந்ததை எண்ணி, அன்றைக்கு எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.