ஆஸ்பத்திரிக்குத் தீர்த்தம் கொண்டுபோனவர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுத்த வீட்டு சௌந்தரராஜன் என் வாசலில் வந்து நின்றார். நெற்றியில் பளிச்சென்று திருமண். கையில் மூடி போட்ட வெள்ளிச் சொம்பு.

"கிளம்பும் ஓய். திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"யாருக்கு உடம்பு?"

"யாருக்கோ!" என்றார்.

விஷயம் இதுதான். அவர் தபால் இலாகாவில் ரிட்டயர் ஆனவர். மனைவி காலமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிள்ளை குடும்பத்தோடு வடக்கே இருக்கிறான். காலையில் கோயில், மாலையில் கோயில் — நடுவில் இருக்கிற பகலை என்ன செய்வது? "பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தா, மறுபடி அதே வீடு, அதே நாற்காலி. எதுக்கு எழுந்திருக்கறோம்னே தெரியலை ஓய்" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். இப்போது வழி கண்டுபிடித்துவிட்டார். நோயாளிகளுக்குப் பெருமாள் தீர்த்தம் கொடுக்கும் கைங்கர்யம்!

நல்ல எண்ணம்தானே? எனக்கும் அப்படித்தான் பட்டது. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறிக் காவேரிப் பாலம் தாண்டினோம்.

ஆண்கள் பொது வார்டு. முதல் கட்டிலில் சின்னத்தம்பி. லால்குடிப் பக்கத்து விவசாயி, இளைஞன். டைபாய்டு. காய்ச்சல் இறங்கிக் கஞ்சி குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று, கட்டிலின் கீழே உட்கார்ந்திருந்த அவன் மனைவி மருதாயி சந்தோஷமாகச் சொன்னாள். சீக்கிரம் ஊருக்குப் போய்விடலாமாம்.

சௌந்தரராஜன் சொம்பைத் திறந்தார். துளசி மணத்தது. "வாயைத் திறப்பா. பெருமாள் தீர்த்தம்."

சின்னத்தம்பி அவர் நெற்றியைப் பார்த்தான். சொம்பைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"டாக்டரு சொல்லி அனுப்பினாருங்களா?"

கோயிலில் என்றால் தீர்த்தத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொள்வோம். படுத்திருப்பவன் வாயில் எப்போது விடுவார்கள்? எங்கள் இருவருக்கும் தெரியாததா? சௌந்தரராஜன் தன் மனைவிக்கே கடைசி நேரத்தில் விட்டவர். ஆனாலும் தோன்றவில்லை... புண்ணியம் செய்யப் புறப்பட்டவனுக்கு, எதிரில் இருப்பவன் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்பது மட்டும் தோன்றுவதேயில்லை.

மருதாயி எழுந்துவிட்டாள். "உசுரோட இருக்கிற ஆளு வாயில எதுக்கு சாமி ஊத்துறீங்க? போங்க அந்தாண்ட!"

வார்டு முழுவதும் தலைகள் திரும்பின. கடைசிக் கட்டிலில் ஒரு கிழவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"ஐயோ, அதுக்கில்லேம்மா! சும்மா குடுக்கறதுதான். இதோ பாரு, நானே குடிக்கறேன்" என்று சௌந்தரராஜன் ஒரு வாய் குடித்துக் காட்டினார்.

"நீங்க குடிக்கலாம் சாமி. வயசாயிருச்சு" என்றான் சின்னத்தம்பி.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். சின்னத்தம்பி சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவன் அப்படியேதான் படுத்திருந்தான். கஞ்சி ஆடை படிந்து கிடந்தது.

"உனக்கு ஒண்ணுமில்லேப்பா. டாக்டரையே கேளு."

"டாக்டரு சொல்லுவாருங்களா? எங்க அப்பாவுக்கும் கடைசிவரைக்கும் சொல்லலை."

சௌந்தரராஜன் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதன்பின் சௌந்தரராஜன் தினமும் போனார். சொம்பு இல்லாமல். ஸ்டூலில் உட்கார்ந்து, தெரிந்தும் தெரியாமலும் வயலைப் பற்றிக் கேட்பார். ஒருநாள், "நாத்தை எப்போப்பா அறுப்பே?" என்றாராம்.

சின்னத்தம்பி சுவரிலிருந்து திரும்பினானாம். "நாத்தை யாராச்சும் அறுப்பாங்களா சாமி? பறிச்சு நடணும். உங்களுக்கெல்லாம் எப்படி சர்க்கார்ல வேலை குடுத்தாங்க?"

அன்று கஞ்சி குடித்தான். "அரை டம்ளர் ஓய்!" என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார் சௌந்தரராஜன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை, மாமி போனபிறகு நான் பார்த்ததில்லை. பகலை என்ன செய்வது என்ற பேச்சே நின்றுபோயிருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை நானும் கூடப் போனேன். கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

"குடல்ல ரத்தக் கசிவு. இந்த ஜுரத்துல இப்படித் திடீர்னு ஆயிடறதுண்டு. இனிமே எங்க கையில இல்லை" என்றார் டாக்டர்.

சௌந்தரராஜன் கேட்டார். "நடுவிலே சாப்பிடாமக் கிடந்தானே... அதனாலயா?"

"சொல்ல முடியாது சார்."

ஆமாம் என்றும் இல்லை. இல்லை என்றும் இல்லை. அந்த மனிதர் இனி இருக்கிற நாளெல்லாம் இந்த இரண்டு வார்த்தையோடுதான் படுத்து எழுந்திருக்க வேண்டும்.

திரைக்குள் மருதாயி சௌந்தரராஜனின் கைகளைப் பார்த்தாள்.

"சொம்பு எங்க சாமி?"

"கொண்டு வரலைம்மா."

"அன்னிக்கு வேணாம்னேன். இன்னிக்கு வேணும்."

ஸ்ரீரங்கம் போய்த் திரும்ப நேரமில்லை. சின்னத்தம்பியின் மூச்சு அப்படி இருந்தது. சௌந்தரராஜன் கஞ்சி டம்ளரை எடுத்துக்கொண்டு வராந்தாக் குழாய்க்குப் போனார். கழுவி, பிடித்து வந்தார்.

"இது குழாய்த் தண்ணிம்மா. பெருமாள் தீர்த்தம் இல்லே."

"தெரியுதுங்க. ஊத்துங்க."

ஊற்றினார். பாதி கடைவாயில் வழிந்தது. மருதாயி முந்தானையால் துடைத்தாள்.

"மனசுக்கு நிம்மதி இல்லை, வாழ்க்கையில் பிடிப்பு இல்லை, வழி சொல்லுங்கள்" என்று வாசகர்களாகிய உங்களில் பலர் எனக்கு எழுதுகிறீர்கள். "நாலு பேருக்கு உதவி செய்யுங்கள், தானாக வரும்" என்று இதே பக்கத்தில் சுலபமாகப் பதில் எழுதியிருக்கிறேன். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை. நம்முடைய நிம்மதியைத் தேடி அடுத்தவன் கட்டிலுக்குப் போகிறோமா? அவனுக்கு என்ன தேவை என்று போகிறோமா? வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன — அதுதான் பயம்.

சௌந்தரராஜன் சில நாள் வெளியே வரவில்லை. இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, "கிளம்பும் ஓய்" என்று வந்து நின்றார். வெறுங்கை.

அந்த வார்டுக்குள் நுழையக் கால் வரவில்லை. பக்கத்து வார்டுக்குப் போனோம். கால் உடைந்து கட்டுப்போட்டுக் கிடந்த ஒருவர். சௌந்தரராஜன் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளியே நின்றார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் இவருடைய திருமண்ணைப் பார்த்துத் தயங்கினார். "சொன்னாக் கோவிச்சுக்குவீங்க சாமி."

"சொல்லுங்கோ."

"ஒரு கட்டு பீடி."

சௌந்தரராஜன் கிளம்பினார். பாதி வராந்தாவில் நின்றார். திரும்பி வந்தார்.

"எந்த பீடி?" என்று கேட்டார்.