எட்டாவது கை

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கையக்கா என்று பெயர். வீடியோ கேம்களுக்கு உருவங்கள் செய்து அனுப்பும் இடம் அது. முகத்துக்கு ஒருவர், உடுப்புக்கு ஒருவர், வாளுக்கும் கேடயத்துக்கும் நான். கை என்றால் அக்காதான். பதினாறு வருடமாகக் கைகளை மட்டுமே செய்திருக்கிறார். போர்வீரன் கை, டாக்டர் கை, பிணத்தின் கை, வேற்றுக் கிரகத்து மூன்று விரல் கை. நீங்கள் ஏதாவது ஆட்டத்தில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால், திரையின் அடியில் தெரிந்த விரல்கள் அவர் செய்தவையாக இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்காது. கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

அக்காவின் அப்பா அவருடைய சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா ஊரார் துணிக்கு இஸ்திரி போட்டு வளர்த்தார். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அக்கா ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களைத் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தார். “சிரிங்கன்னு சொன்னா மூஞ்சி சிரிச்சிடும் தம்பி. கையைப் பாரு, முந்தானையைப் பிடிச்சுக் கசக்கிட்டே இருக்கும்” என்பார். ஆளின் மனசைக் கையில் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. கம்ப்யூட்டரில் உருவம் செய்வதை அவராகவே கற்றுக்கொண்டு எங்கள் இடத்துக்கு வந்தார்.

போன வருடம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடமிருந்து பெரிய வேலை வந்தது. எட்டுக் கை அம்மன் ஒன்று வேண்டும். பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். மற்றபடி வாகனம், சூலம், கிரீடம் எல்லாம் அக்கா வீட்டில் இஸ்திரி மேஜைக்கு மேலே மாட்டியிருக்கும் அதே படம்தான். நாங்கள் சந்தோஷப்பட்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகம் முழுக்க ஆடப்போகும் ஆட்டத்தில் நம்ம வீட்டுச் சாமி. நான் என் மனைவிக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன்.

ஏழு கைகளில் ஆயுதம். எட்டாவது வெறுங்கை, உள்ளங்கையைக் காட்டி, பயப்படாதே என்று சொல்லும் கை. அதற்கு அக்கா தன் அம்மாவின் கையைப் படம் எடுத்துவந்தார்.

“எதுக்குடி இந்தக் கையை எடுக்குறே? நல்ல கையா ஒண்ணு கிடைக்கலையா?” என்று கேட்டாராம் அம்மா.

“இதுதாம்மா நல்ல கை. பரீட்சைக்குப் போறப்ப காட்டுவியே, அப்படிக் காட்டு.”

அந்தக் காலத்தில் அக்காவுக்குப் பரீட்சை என்றால் பயம். வாசல் வரை வந்து வழியனுப்ப அம்மாவுக்கு நேரம் இருக்காது. ஒரு கை இஸ்திரிப் பெட்டியில் இருக்க, மறு கையை நின்ற இடத்திலிருந்தே தூக்கிக் காட்டி, “போ, ஒண்ணும் ஆகாது” என்பாராம். பெருவிரலுக்குக் கீழே சூடு பட்ட தழும்பு ஒன்று உண்டு. அதையும் அழிக்காமல் அம்மன் கையில் வைத்தார் அக்கா. பதினொரு நாள் வேலை. அதற்கு முன்பும் பின்பும் அப்படியொரு கையை நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. ஆடுகிறவன் அம்மனைக் கொல்ல வேண்டும். ஒவ்வொரு கையாக வெட்டிக் கொல்ல வேண்டும். எட்டாவது கையிலிருந்து நெருப்பு பாயும். ‘எதிரியைக் குறிபார்க்கும் கை’ என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். பயப்படாதே என்று சொல்லும் கையைப் பார்த்து இந்த மேதைகளுக்குத் தோன்றியது அதுதான். கோயில் விளக்கைச் சுட்டால் வெடிக்கும். மணி அடித்தால் அரக்கர்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். அந்த அரக்கர்கள் யார் என்று பார்த்தால், கைகூப்பி மந்திரம் சொல்லிக்கொண்டு வரும் பக்தர்கள். நெற்றியில் திருநீறு பூசியவனைச் சுட்டால் பத்துப் புள்ளி. என் அப்பா காலையில் குளித்துவிட்டு வந்து நிற்பதைப் போலவே ஒரு உருவம் இருந்தது.

எங்கள் தொழிலில் பிழைப் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஆட்டத்தில் எங்கே கோளாறு பார்த்தாலும் யாரும் அதில் எழுதலாம். பொறுப்பானவர் பதில் எழுதி முடித்துவைப்பார். அக்கா எழுதினார். இந்தக் கை யாரையும் தாக்காது, அடைக்கலம் தரும் கை, தயவுசெய்து மாற்றுங்கள் என்று படம் போட்டு விளக்கினார். மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது: ‘இது பிழை அல்ல. இப்படித்தான் திட்டமிட்டோம்.’ விவகாரம் முடிந்தது.

அக்கா விடவில்லை. மேனேஜரை நச்சரித்து, அந்தக் கம்பெனியின் டைரக்டரோடு வீடியோவில் பேச ஏற்பாடு செய்யவைத்தார். நானும் இருந்தேன். டைரக்டருக்குப் பக்கத்தில் பண்பாட்டு ஆலோசகர் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆறு வாரம் யோகா கற்றவராம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “உங்க பண்பாட்டு மேல இருக்கிற காதல்லதான் இதைப் பண்ணியிருக்கோம்” என்றார். அவர்கள் மொழியில் சொன்னதைத்தான் நம் பேச்சில் சொல்கிறேன்.

“காதல்னா கையை வெட்டுவாங்களா?” என்றார் அக்கா.

டைரக்டர் சிரித்துச் சமாளித்தார். “இது வெறும் விளையாட்டுங்க.”

“சரி. உங்க வீட்ல கும்பிடற சாமியை இந்த ஆட்டத்துல எந்த இடத்துல வெட்டறோம்?”

அவர் முகம் மாறியது. “அது எப்படிங்க முடியும்? ஜனங்க மனசு புண்படுமே.”

“அப்ப நாங்க யாரு?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம். மேஜை மேல் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜர், “அவங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க” என்று பூசி மெழுகினார். அக்காவின் மேல் எவ்வளவு மரியாதை வைத்திருந்தேன் என்பதெல்லாம் சும்மா. அன்றைக்கு நான் ஒரு தலையாட்டி பொம்மை.

அடுத்த நாளிலிருந்து அக்காவுக்குப் பீப்பாய் செய்யும் வேலை. மரப் பீப்பாய், தகரப் பீப்பாய், உடைந்த பீப்பாய். பதினாறு வருடம் கை செய்தவர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆனவனுக்குக் கொடுக்கும் வேலையை வாயைத் திறக்காமல் செய்தார். கைகளை உடம்பிலிருந்து பிரித்து, வெட்டுப்பட்ட இடத்தில் சதையும் எலும்பும் தெரியும்படி செய்யும் வேலை எனக்கு வந்தது. செய்தேன். ஏழு கைக்கும் நான்தான் செய்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எட்டாவது கையைத் திறந்தபோது அந்தத் தழும்பு தெரிந்தது. கை தோளோடு ஒன்றாகவே செய்யப்பட்டிருந்தது. பிரிப்பதற்கு இடமே விடவில்லை அக்கா. பிரித்துக் கொடுக்க எனக்கு அரை மணி நேரம் போதும். நான் அந்த ஃபைலை மூடிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று எழுதி அனுப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கும் என் பழக்கம் அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது.

வெளியிடும் முன் ஆட்டத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் வரிசைப்படி வெட்டினார்கள். ஏழு கை போனாலே அம்மன் விழுந்துவிடுவாள் என்பதால் எட்டாவதைத் தொடவேயில்லை. ஆட்டம் வெளியான மூன்றாம் நாள் வந்தது புகார். ஒன்றிரண்டு இல்லை, நாலாயிரத்துச் சொச்சம். எட்டாவது கையை முதலில் வெட்டப் பார்த்தால் வாள் அதன் வழியாகச் சும்மா போய் வருகிறதாம். எத்தனை முறை வெட்டினாலும் அந்தக் கை அப்படியே நிற்கிறதாம். ‘அவசரம்’ என்று சிவப்பு எழுத்தில் என் பெயருக்கு வந்து சேர்ந்தது.

நான் எழுந்து அக்காவின் இடத்துக்குப் போனேன். பீப்பாய்க்கு இரும்பு வளையம் மாட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, எட்டாவது கை வெட்டுப்படலையாம்.”

அவர் மவுஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “நீ பிரிக்கலையா?”

“இல்லக்கா.”

“ஏன்டா?”

“அது உங்க அம்மா கை, அக்கா.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “போய் உன் வேலையைப் பாரு” என்றார்.

என் வேலையைப் பார்த்தேன். புகாரைத் திறந்து, பதில் எழுதும் கட்டத்தில் எழுதினேன்: ‘இது பிழை அல்ல. இப்படித்தான் திட்டமிட்டோம்.’ அடியில் என் பெயரை முழுசாகப் போட்டு முடித்துவைத்தேன். அடுத்த வாரமே வேறு எவனையாவது வைத்து அந்தக் கையையும் பிரித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பிரிக்கட்டும். அதை நான் செய்யப்போவதில்லை.

இருபது நிமிடத்தில் மேனேஜர் அறைக் கதவு திறந்தது. “இங்க வா. டைரக்டர் லைன்ல இருக்கார்” என்றார்.

எழுந்தேன். வீட்டில் மூன்று வயதில் மகள், அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். இரண்டு வரிசை தள்ளி அக்கா உட்கார்ந்திருந்தார். இடது கை கீபோர்டிலேயே இருந்தது. வலது கையை மட்டும் தூக்கி, உள்ளங்கை தெரிய என் பக்கம் காட்டினார்.

“போ, ஒண்ணும் ஆகாது” என்றார்.

பேசுவதற்காக உள்ளே போனேன்.