கப்பல் கட்டும் கல்

பொன்னேரியிலிருந்து மாட்டுவண்டியில் வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருக்கிறது. டச்சுக்காரர்கள் கப்பல் நிறுத்திய பழவேற்காட்டுத் துறை எங்கே என்று கேட்டால், மீன் சந்தையைக் காட்டுகிறார்கள். கால் வைக்கிற இடமெல்லாம் சேறும் செதிலும். பெண்கள் கூடைகளோடு நெருக்கியடித்துக் குந்தியிருக்கிறார்கள். நடுவில் முழங்கால் உயரக் கருங்கல் ஒன்று மட்டும் காலியாக இருக்கிறது. போய் உட்காருகிறேன்.

"அய்யே, எந்திரிய்யா!" மடவை மீன் விற்கிறவள் கத்துகிறாள். "அது கயிறு போட்டுக் கப்பலு கட்ற கல்லு. அதும்மேல நாங்க கூடையக்கூட வெக்க மாட்டோம்."

"இன்னும் கப்பல் வருதாம்மா?"

"எங்க வருது? முகத்துவாரத்த மண்ணு மூடிக்கினுகீது. எங்க படகே கடலுக்குப் போவல, இதெல்லாம் ஏரி மீனு. ஆம்பளைங்கல்லாம் மம்பட்டி எடுத்துக்கினு மண்ணு வெட்டப் போயிகீறாங்க."

எனக்கு எரிச்சல். "வெள்ளக்காரனே மூட்டை கட்டிட்டுப் போயிட்டான். இனிமே யாரு வரப்போறா?"

"வந்தா எதுல கட்டுவான்?" என்று கேட்டுவிட்டு ஈ ஓட்டுகிறாள்.

எழுந்துகொள்கிறேன். கனத்த கூடையோடு இன்னொருத்தி வருகிறாள். இடம் தேடுகிறாள். கல்லைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேற்றில் இறக்கிவைக்கிறாள்.

திரும்புகிற வண்டி சாயங்காலம்தான். கால் கடுக்க, கல்லுக்குப் பக்கத்திலேயே தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறேன். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நானும் கப்பலுக்குக் காத்திருப்பவன்தான்.