மேகத்துக்கு ஒரு பிடி புழுதி

விசுவமடுவில் நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த வீட்டுத் தகரக் கூரையில் ஒரு பின்னேரம் படபடவென்று ஏதோ விழத் தொடங்கியது. குண்டுதான் என்று வழக்கம்போல எல்லோரும் பங்கர்க் குழிக்குள் பாய்ந்தோம். காய்ச்சலில் கிடந்த தம்பியை அப்பா தூக்கிக்கொண்டார். சத்தம் நிற்கவில்லை, ஆனால் ஒன்றும் வெடிக்கவும் இல்லை. அம்மா தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வெளியே ஏறினார்.

“எங்கையப்பா போறாய்? உள்ளுக்கு வா!” என்று அப்பா கத்தினார்.

“ஐஸ் விழுகுதப்பா! ஐஸ்!”

குசினியிலிருந்து சட்டியை எடுத்துவந்து, தலையிலும் முதுகிலும் கட்டிகள் விழ விழ, சிரித்துக்கொண்டே பொறுக்கினார் அம்மா.

கரண்ட் இல்லாத ஊரில் வளர்ந்த நான் ஐஸைக் கண்டதே இல்லை. ஒன்றைக் கையில் எடுத்தேன். சுடுகிறதா, குளிர்கிறதா என்று பிடிபடாமல் கீழே போட்டுவிட்டேன்.

அம்மா பொறுக்கிய ஐஸைத் துணியில் சுற்றித் தம்பியின் நெற்றியில் ஒற்றினார். காலையிலிருந்து வாய் திறக்காதவன் தண்ணீர் கேட்டான். ஐஸ்தான் மருந்து என்று நான் முடிவு கட்டினேன். ஆனால் வானத்தில் ஐஸ் எப்படி வந்தது என்பது விளங்கவில்லை.

“சூரியனுக்குக் கிட்டப் போனா சுடத்தானே வேணும், அம்மா?”

“இல்லைப் பிள்ளை, மேல போகப் போகக் குளிர்.” கலியாணத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படித்தவர் அம்மா. “அந்தக் குளிருக்கையும் மேகத்துத் தண்ணி லேசில உறையாது. பிடிச்சு உறைய ஒரு பொடித் தூசி வேணும். ஒரு துளி உறைஞ்சு வெடிச்சா, அந்தச் சில்லுகள் பட்டு மற்றதுகளும் உறையும்.”

“ஆர் தூசியைக் கொண்டுபோறது?”

“காத்துத்தான். எங்கட ஒழுங்கைப் புழுதியாயும் இருக்கும்.”

குளிரிலும் உறையாத தண்ணீரா? அழுக்கிலிருந்து இவ்வளவு வெள்ளையா? குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

மறுநாள் தம்பிக்கு மறுபடியும் காய்ச்சல் ஏறி, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக அப்பா உழவு யந்திரம் தேடி ஓடினார். ஆஸ்பத்திரியில் மலேரியா என்று கண்டு, குளிசை கொடுத்து அவனைப் பிழைக்க வைத்தது பிறகுதான். அப்போதோ எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. வாசலுக்கு வந்தேன். பனைகளுக்கு மேலே ஒரு மேகம் பூக்கோவா மரக்கறிபோலத் திரண்டு நின்றது. வாசலோடு போன ஒழுங்கையின் புழுதியை அள்ளி அள்ளி அதை நோக்கி எறிந்தேன். அவ்வளவும் என் தலையிலேயே கொட்டியது.

அம்மா வெளியே வந்தார். அடி விழப்போகிறது என்று நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, தானும் ஒரு பிடி அள்ளி மேலே எறிந்தார்.

எல்லாம் படித்த அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.