மருதுவைப் பற்றி சார் சொன்னது

தல்லாகுளத்தில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள், தேர்தலில் இன்னார் ஜெயிப்பார் என்று சௌரிராஜன் சார் சொல்லிவிட்டால் அதில் மாற்றமே கிடையாது என்று. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருடம் அரசியல் பாடம் நடத்தியவர். அப்போதே ஒரு கட்சிக்காரருக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்தத் தெருவில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், எங்கே வாயே திறக்கக் கூடாது, எல்லாம் இவர் யோசனைதான். கட்சிக்காரர் எம்.எல்.ஏ. ஆனார். இவர் ஓய்வு பெற்றதும் டிவியில் பேரோடு ‘அரசியல் விமர்சகர்’ என்று போட்டார்கள். எம்.எல்.ஏ.வின் ஆள் என்று போட்டால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் கத்த மாட்டார், கையை ஆட்ட மாட்டார். அந்தச் சாந்தத்துக்கே பாதிப் பேர் நம்பிவிடுவார்கள்.

மருது அவரிடம் படித்தவன். திருவாதவூர்ப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். சாரின் மனைவி சூடாமணி கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். ஊர்க் கண்மாயில் திருட்டு மண் அள்ளுகிறார்கள் என்று மனுமேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தான். போன ஆனியில் ஒரு மண்லாரி அவனைப் பைக்கோடு அடித்துக் கொன்றது. லாரி எம்.எல்.ஏ.வின் மைத்துனருடையது.

“சார், இன்னைக்கு டிவில இதத்தான் எடுப்பாய்ங்க. பய தண்ணியப் போட்டுட்டு ஓட்டுனான்னு லேசாத் தட்டி விட்ருங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடும்,” என்றார் எம்.எல்.ஏ.

மாட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த ஒரு வார்த்தை மட்டும் இந்தப் படித்த மேதைக்கு வரவில்லை. அன்றைய விவாதத்தில் அதே சாந்தமான குரலில் சொன்னார்: “அவன் என் பிள்ளை மாதிரி. வருத்தத்தோட சொல்றேன், கொஞ்ச நாளாவே குடிப்பழக்கம் இருந்துச்சு.”

வீட்டுக்கு வந்ததும் சூடாமணி அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் ஒன்றே ஒன்று கேட்டாள், அந்தப் பிள்ளையா குடித்தான் என்று. அதற்கப்புறம் அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மூன்று வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சேனலுக்குப் போன் போட்டார். “அது பழைய மேட்டர் சார், இன்னைக்குக் கூட்டணிதான் டாபிக்,” என்றார்கள். சரி, பெற்றவளிடமாவது சொல்லிவிடுவோம், அவள் போலீஸில் கொடுத்த கேஸை விடாமல் நடத்தட்டும், நானே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிறேன் என்று முடிவு செய்தார். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, மருதுவின் அம்மா இருளாயியே வாசலில் வந்து நின்றாள்.

“அய்யா, எம்மகன் ஒங்க பேரக் கெடுத்துட்டான். மன்னிச்சிருங்க.”

“என்னம்மா சொல்றீங்க?”

“ஊருல ஒருத்தரும் நம்பல. நானுந்தான் நம்பல. பெறகு நீங்களே சொன்னீங்க. பெத்தவளுக்குத் தெரியாதது படிக்க வச்சவருக்குத் தெரிஞ்சிருக்கு. குடிச்சுப்புட்டு அவனாப் போயி விழுந்ததுக்கு அடுத்தவுக மேல பழி போடலாமா? கேசு வேணாமுன்னு ஸ்டேஷன்ல கைநாட்டு வச்சுட்டேன். அவன் போட்டோவக்கூட வீட்ல மாட்டலய்யா.”

சௌரிராஜன் வாசலுக்கு வந்து அவள் எதிரில் நின்றார். “அம்மா, அவன் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்ல. நான் பொய் சொன்னேன். எம்.எல்.ஏ. சொல்லச் சொன்னார், சொல்லிட்டேன்.”

இருளாயிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“என்னையத் தேத்துறதுக்காக இம்புட்டுப் பழியையும் ஒங்க தலையில தூக்கிப் போட்டுக்கிறீகளே. நீங்க போயி டிவில பொய் சொல்லுவீகளாய்யா?”

“சத்தியமா சொல்றேம்மா...”

“விடுங்கய்யா. குடிகாரப் பயலப் பெத்துட்டேன், அனுபவிக்கிறேன்,” என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.