பச்சைப் பெட்டிக் கடை

எங்கள் பட்டுக்கடைக்கு ஆரம்ப வருடங்களில் முகமே கிடையாது. பெயர்ப்பலகையில் கோபுரம், பெட்டியில் மயில், பையில் தாமரை. விசிட்டிங் கார்டில் என்ன இருந்தது என்று எனக்கே நினைவில்லை. எல்லாம் என் வீட்டுக்காரரின் கைவண்ணம். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு பாவில் மூன்று புடவை நெய்தால் மூன்றுக்கும் மூன்று விதமாக முந்தி போடுவதுதான் அவருக்குக் கௌரவம். பெட்டி அச்சடிக்கும்போதும் அதே புத்தி. ஒவ்வொரு தடவையும் புது நிறம், புதுப் படம்.

"ஒரே டிசைன ரெண்டாம் தபா போட்டா, இவன் கைல சரக்கு தீந்துபோச்சின்னு பேசுவாங்கமா" என்பார். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

ஒருநாள் தெருமுனையில் கோயம்புத்தூர்க்கார அம்மா ஒருவரைப் பார்த்தேன். மூத்த மகளுக்கு முகூர்த்தப் புடவை எங்களிடம் எடுத்தவர். இளையவளுக்கு எடுக்க வந்திருந்தார். கையில் மெயின் ரோட்டுப் பெரிய கடையின் பை.

"மயில் போட்ட கடைன்னு தெரு பூராத் தேடுனேனுங்க. ஆட்டோக்காரருக்கும் தெரியலீங்க" என்றார்.

மயில் போய் அன்னம் வந்து மாதக்கணக்காகிவிட்டது. அது அவருக்கு எப்படித் தெரியும்? சிரித்த முகமாக அனுப்பிவைத்தேன். வீட்டுக்கு வரும்வரை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதே பெரிய கடை முதலாளி அந்தச் சமயம்தான் எங்களுக்கு ஆள் அனுப்பியிருந்தார். நாங்கள் நெய்வதையெல்லாம் அவரே எடுத்துக்கொள்வாராம். ஆனால் புடவையில் அவர் கடை லேபிள்தான் இருக்கும். கடையை மூடிவிட்டுத் தறியோடு நின்றுகொள்ள வேண்டியதுதான். என் வீட்டுக்காரருக்கு அதில் பாதி மனசு.

"தை முகூர்த்தம் முடியட்டும். அதுக்குள்ள நம்ம கடைய நாலு பேருக்கு அடையாளம் தெரியலன்னா நானே மூடறேன்" என்றேன். "ஆனா ஒண்ணு. புடவைல ஆயிரம் மாத்துங்க. பொட்டில கை வெக்காதீங்க."

கிளிப்பச்சை என்று முடிவு செய்தேன். அதில் ஜரிகை நிறத்தில் ஒற்றைக் கிளி. பலகை, பெட்டி, பை, ரசீது, வாட்ஸ்அப் படம் எல்லாவற்றிலும் அதே கிளி. மிச்சமிருந்த பழைய பெட்டிகளைத் தீர்த்துவிட்டு மாற்றலாமே என்று இழுத்தார் இவர். அன்றைக்கே அத்தனையையும் தறிக்கூடத்தில் நூல்கண்டு போட்டுவைக்கக் கொடுத்துவிட்டேன். வாரம் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு எடுப்பவர்கள் சும்மா விடவில்லை. மங்கள நிறம் வேண்டும் என்று சிவப்புப் பெட்டி கேட்டார்கள், மஞ்சள் பை கேட்டார்கள். ஒரு மாப்பிள்ளை வீட்டார் பச்சைப் பெட்டியைப் பார்த்ததும் புடவையே வேண்டாம் என்று எழுந்துவிட்டார்கள். குங்குமச் சிமிழை எடுத்து வந்து, பெட்டியின் மேல் பொட்டு வைத்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"காமாட்சி கைக் கிளிமா இது. இதவிட மங்களம் இன்னா இருக்குது?"

மாப்பிள்ளையின் அம்மா பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உட்கார்ந்து இன்னொரு புடவையும் எடுத்தார்.

கார்த்திகைக்குள் ஆட்டோக்காரர்களே, "பச்சப் பொட்டி கடையா? ஏறுங்கமா" என்று சொல்லத் தொடங்கினார்கள். தை பிறந்ததும் எங்களுக்குச் சாப்பிட நேரமில்லை.

மாசியில் அந்த முதலாளி நேரிலேயே வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"வர்றவங்க போன்ல படத்தக் காட்டிக்கினு பச்சப் பொட்டி புடவ கேக்கறாங்கமா. என் லேபிள் வேணாம். உங்க பொட்டியோடவே குடுங்க. என் கடைல தனியா ஒரு அலமாரி ஒதுக்கறேன்."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"அந்தப் பொட்டி எங்க கடைல மட்டுந்தாங்க. கேக்கறவங்கள இங்க அனுப்பி வெயுங்க. ஆட்டோக்காரங்க எல்லாருக்கும் வழி தெரியும்."