எதிர்வீட்டில் வைத்த பை

கண்டி டவுனில் விமானச் சீட்டு விற்கும் கடையொன்றில் நான் வேலை செய்த காலத்தில், எந்த நகரத்தைக் கேட்டாலும் எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும் என்று யோசிக்காமல் சொல்வேன். கொழும்பிலிருந்து லண்டனுக்கு நேரே போனால் பதினொரு மணி நேரம். கண்டியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் வாயை மூடிக்கொள்வேன். வழியில் எத்தனை இடத்தில் வண்டியை மறிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? யுத்த காலம்.

என் தங்கையின் கணவர் லண்டனில் இருந்தார். அவளுடைய விசா முடிய இரண்டே நாள் இருக்கும்போதுதான் சீட்டு அமைந்தது. அந்த விமானத்தை விட்டால் முதலிலிருந்து அலைய வேண்டும்.

புறப்படும் நேரமோ ராகுகாலம். அம்மா விடுவாரா? முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, தங்கையின் கைப்பையை மஹய்யாவப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த சிங்கள அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். இதைப் பரஸ்தானம் என்பார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். அப்படி வைத்த பை திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது.

மறுநாள் விடிந்தால் ரேடியோவில் ஊரடங்குச் சட்டம். நான் அசரவில்லை.

“பயப்படாதீங்க. டிக்கட்டும் பாஸ்போட்டும் காட்டினா விடுவாங்க. ஊரடங்குல அதுதான் பாஸ்” என்றேன்.

“ரெண்டும் அந்தப் பைக்குள்ள இருக்கே அக்கா” என்றாள் தங்கை.

பாதையைக் கடக்க டிக்கட் வேண்டும். டிக்கட்டை எடுக்கப் பாதையைக் கடக்க வேண்டும். நடுவில் துவக்கோடு ஒரு ஆமிக்காரன். தங்கை அழத் தொடங்கினாள். எனக்கு அம்மாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கேட்டருகே போய், கடையில் பேசும் அதே குரலில், சிங்களத்தில் அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவனுக்குத் தங்கையின் வயதுதான் இருக்கும். முறைத்துப் பார்த்தான். பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அக்கா கொடுத்த பையைத் திறந்து பார்த்துவிட்டு, தானே தூக்கிக்கொண்டு வந்தான்.

“லண்டன் எவ்வளவு தூரம் மிஸ்?” என்று சிங்களத்தில் கேட்டான்.

“பதினொரு மணி நேரம்.”

“அவ்வளவுதானா? லீவு கிடைச்சா நான் ஊருக்குப் போய்ச்சேர அதைவிடக் கூட நேரமாகும்.”

பேசிக்கொண்டே கேட்டுக்குள் காலை வைக்கப் போனான். அம்மா வீட்டுக்குள்ளிருந்து அலறினார்: “ஐயோ, பைய உள்ள கொண்டு வராதீங்க!”

துவக்கு வைத்திருந்தவன் திகைத்து அப்படியே நின்றான். நான் காரணத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டான். அவன் அம்மாவும் நேரம் பார்க்காமல் அவனை வெளியே அனுப்ப மாட்டாராம். தங்கை பாதையில் வைத்தே அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, முதல் நாள் இரவே வந்து வாசலில் நின்ற வேனில் ஏறினாள்.

ஆமிக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, கலவரத்தில் அப்பாவின் கடை எரிந்த நாளிலிருந்து, ஆமி உடுப்புப் போட்ட எவரையும் அம்மா ஏறெடுத்துப் பார்த்ததில்லை. வேன் மறைந்த பிறகும் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். பிறகு அதை அகலத் திறந்தார்.

“பைதான் உள்ள வரக்கூடாது. நீங்க வாங்க தம்பி, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

அதைச் சிங்களத்தில் அவனுக்குச் சொல்லிவிட்டு, தண்ணீர் கொதிக்க வைக்க உள்ளே ஓடினேன்.